கண்ணாடிக்குள் ஒரு குளம்

(மூன்றாமாண்டு இளநிலை விலங்கியல் மாணவர் ஒருவர்)

முன்னுரை

மனிதன் தன் வீட்டில் வளர்க்கும் உயிரினங்கள் பல. நாய் வாலை ஆட்டி வரவேற்கும். கிளி சொன்னதைச் சொல்லும். பூனை மடியில் வந்து படுத்துக்கொள்ளும். மீனோ நம்மைத் தொடவும் விடாது. பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பிப் பாராது. அப்படியிருந்தும் மக்கள் ஏன் மீன் வளர்க்கின்றனர்? தொடங்கியவருள் பலர் சில மாதங்களிலேயே தொட்டியைக் கவிழ்த்துப் பரணில் ஏற்றிவிடுகின்றனர். வேறு சிலர் தலை நரைத்த பின்னும் விடாது வளர்க்கின்றனர். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் யாது? வகுப்பில் கற்றதையும் வீட்டில் பட்டதையும் கொண்டு இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தொட்டி தோன்றிய வரலாறு

அழகுக்காக மீன் வளர்க்கும் வழக்கம் மிகத் தொன்மையானது. சீன நாட்டில் சோங் மன்னர்கள் காலத்திலேயே தங்கமீன்களைக் குளங்களில் வளர்த்தனர். ஆனால் அம்மீன்களை மேலிருந்துதான் பார்க்க முடிந்தது. பக்கவாட்டில் நின்று, மீனின் கண்ணோடு நம் கண் ஒத்த மட்டத்தில் இருக்கப் பார்ப்பது கண்ணாடித் தொட்டி வந்த பிறகே பரவலாயிற்று.

இங்கிலாந்தில் ராபர்ட் வாரிங்டன் என்னும் வேதியியல் அறிஞர் 1849ஆம் ஆண்டு ஓர் ஆய்வைத் தொடங்கினார். ஏறத்தாழப் பன்னிரண்டு காலன் நீர் கொள்ளும் கலத்தில் இரண்டு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் இட்டார். தாவரம் பிராணவாயுவைத் தரும். மீன் கரியமிலவாயுவைத் தரும். ஒன்றை ஒன்று தாங்கும் என்பது அவர் கருத்து. ஆனால் சில நாட்களில் இலைகள் அழுகி நீர் கலங்கியது. அதன்பின் குளத்து நத்தைகளைச் சேர்த்தார். நத்தைகள் அழுகிய இலைகளைத் தின்றன, அவற்றின் முட்டைகள் மீனுக்கு உணவாயின, நீர் தெளிந்தது. 1850இல் அவர் இதனை வெளியிட்டார். இன்றைய மீன் தொட்டிகளுக்கெல்லாம் இவ்வாய்வை ஒரு முன்னோடி எனலாம்.

1853இல் இலண்டன் விலங்குக் காட்சி சாலையில் மக்கள் பார்வைக்கான மீன் இல்லம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு ஃபிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூலால் ‘அக்வேரியம்’ என்னும் சொல் எங்கும் பரவியது. நம் சென்னையும் இதில் பின்தங்கவில்லை. மெரினாக் கடற்கரையில் 1909ஆம் ஆண்டிலேயே மீன் காட்சி சாலை ஒன்று திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர் அச்சத்தால் 1942இல் அது மூடப்பட்டது.

இன்று சென்னையில் வண்ண மீன் என்றதும் நினைவுக்கு வருவது கொளத்தூர். வீட்டின் பின்புறத்திலும் மொட்டை மாடியிலும் சிமெண்ட் தொட்டி கட்டி மீன்களை இனப்பெருக்கம் செய்து விற்கும் குடும்பங்கள் அங்கு உண்டு. கப்பி, மாலி, ஏஞ்சல், சண்டை மீன் எனப் பாலிதீன் பைகளில் நீரும் காற்றும் அடைத்துத் தொங்கவிட்டிருக்கும் காட்சி, கடந்து செல்வோரை நிற்க வைக்கும். அங்கேதான் என் கதையும் தொடங்குகிறது.

ஏழு மீன்களின் மரணம்

என் மாமா வீடு மாறியபோது இரண்டடி நீளத் தொட்டி ஒன்றை எங்கள் வீட்டில் விட்டுச் சென்றார். ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை, “அண்ணா, மீன் வாங்கலாம், மீன் வாங்கலாம்” என்று ஒரு வாரம் விடவில்லை. ஞாயிறன்று கொளத்தூர் சென்று ஏழு மீன்கள் வாங்கினோம். நான்கு தங்கமீன், மூன்று மாலி. அன்றே தொட்டியைக் கழுவி, மணல் பரப்பி, நீர் ஊற்றி, மீன்களை விட்டோம். நான் விலங்கியல் மாணவன் என்ற பெருமிதத்தில் தங்கைக்குச் செவுள் எது, துடுப்பு எது என்று விளக்கமும் அளித்தேன்.

மூன்றாம் நாள் நீர் பால் கலந்ததுபோல் மங்கியது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அழுக்குதான் காரணம் என்று எண்ணி, நீர் முழுவதையும் மாற்றினேன். மணலைக் குழாயடியில் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். வடிகட்டியின் பஞ்சையும் வெள்ளை வெளேரென்று ஆகும்வரை பிழிந்தேன். மறுநாள் இரண்டு மீன்கள் இறந்தன. மீண்டும் நீரை மாற்றினேன். பத்து நாட்களுக்குள் ஏழும் போயின.

ஒவ்வொன்றையும் என் தங்கை கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்தாள். கடைசி மீனைப் புதைத்த அன்று அவள் கேட்டாள்: “அண்ணா, தண்ணி சுத்தமாத்தானே இருந்துச்சு? அப்புறம் ஏன் செத்துப் போச்சு?”

என்னிடம் விடை இல்லை. அதற்கு முந்தைய மாதத் தேர்வில் ‘நைட்ரஜன் சுழற்சியை விவரி’ என்னும் பத்து மதிப்பெண் வினாவுக்குப் படம் வரைந்து, அம்புக்குறியிட்டு, முழு மதிப்பெண் பெற்றிருந்தேன் என்பதை இங்கே வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறேன். அந்த அம்புக்குறிகள் என் வீட்டுத் தொட்டியிலும் ஓட வேண்டியவை என்று எனக்குத் தோன்றவே இல்லை.

பெரியவர் தந்த கறுப்புப் பஞ்சு

மறுபடியும் மீன் வாங்க அதே கடைக்குச் சென்றேன். கடைப் பெரியவர் நடந்ததை எல்லாம் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “இன்னைக்கு உனக்கு மீன் கிடையாது, தம்பி” என்றார். விற்பதற்காகக் கடை வைத்திருப்பவர் விற்க மறுத்தது எனக்கு வியப்பாக இருந்தது. உள்ளே சென்று, ஓடிக்கொண்டிருந்த தொட்டி ஒன்றிலிருந்து சேறு பிடித்துக் கறுத்துப்போன வடிகட்டிப் பஞ்சு ஒன்றை எடுத்து, அந்தத் தொட்டி நீரோடு பையில் போட்டுக் கட்டினார்.

“இதைக் கழுவிடாதே. அப்படியே உன் தொட்டியில போட்டு மோட்டாரை ஓட விடு. தினம் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போடு. ஒரு மாசம் கழிச்சு வா.”

“மீனே இல்லாம தீனி எதுக்கு ஐயா?”

“மீனுக்கு இல்லப்பா. பஞ்சுல இருக்கறதுக்கு.”

பஞ்சுக்கு அவர் காசு வாங்கவில்லை. வீட்டில் என் நிலை சிரிப்புக்கிடமாயிற்று. “மீனே இல்லாத தொட்டிக்குச் சோறு போடற புள்ளையப் பெத்திருக்கேனே!” என்று அம்மா அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிச் சிரித்தார்.

நீரில் நிகழ்வது என்ன?

பெரியவர் ‘பஞ்சுல இருக்கறது’ என்று சொன்னது நுண்ணுயிர்களைத்தான். மீன் தன் உடற்கழிவின் பெரும்பகுதியை அம்மோனியாவாகச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனி அழுகுவதாலும் அம்மோனியா உண்டாகிறது. ஆற்றிலும் ஏரியிலும் நீர் மிகுதி. ஆகவே அது தீங்கு செய்வதில்லை. ஐம்பது லிட்டர் நீர் கொண்ட தொட்டியில் அதுவே நஞ்சாகிறது.

அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் உள்ளன. நைட்ரைட்டும் நஞ்சே. அது மீனின் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினை மாற்றிவிடுவதால் இரத்தம் பழுப்பு நிறமடைந்து, பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழக்கிறது. இறுதியில் வரும் நைட்ரேட் பெரிதும் தீங்கற்றது. தாவரங்கள் அதனை உறிஞ்சும். எஞ்சியதை வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றி வெளியேற்றலாம்.

இந்தப் பாக்டீரியாக்கள் நீரில் மிதப்பதைவிட மணலிலும் பஞ்சிலும் கண்ணாடியிலும் ஒட்டி வாழ்பவையே மிகுதி. புதிய தொட்டியில் இவை போதுமான அளவு பெருக ஏறத்தாழ நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நான் முதல் நாளே ஏழு மீன்களை விட்டேன். பிறகு, மெல்லப் பெருகத் தொடங்கிய பாக்டீரியாக்களையும் குளோரின் கலந்த குழாய் நீரில் தேய்த்துக் கழுவிக் கொன்றேன். தங்கையின் வினாவுக்கு விடை இதுதான். நான் செய்த சுத்தமே மீன்களைக் கொன்றது.

மற்றொரு செய்தியும் அறியத்தக்கது. நீரில் அம்மோனியா இரு வடிவங்களில் இருக்கிறது. அவற்றுள் அயனியாகாத வடிவமே கொடிய நஞ்சு. நீரின் வெப்பம் 25 டிகிரி செல்சியசாக இருக்கும்போது, காரகாடித்தன்மை எண் 7 ஆயின், மொத்த அம்மோனியாவில் 1 விழுக்காட்டுக்கும் குறைவே நச்சு வடிவில் இருக்கும். எண் 8 ஆயின் அது 5 விழுக்காட்டைத் தாண்டும். சென்னையின் ஆழ்குழாய் நீர் பல இடங்களில் கடினநீர், காரத்தன்மை மிக்கது. ஆகவே ஒரே அளவு கழிவு ஓர் ஊரில் மீனை வாட்டும்; மற்றோர் ஊரில் கொன்றேவிடும்.

வெப்பமும் கவனிக்கத்தக்கது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் பிராணவாயுவைத் தாங்கும். 30 டிகிரியில் ஏழரை மில்லிகிராம்தான். கோடையில் மின்சாரம் நின்றால் மீன்கள் முதலில் மேலே வந்து தவிப்பது இதனால்தான்.

மூன்று சோதனைக் குழாய்கள்

மீனில்லாத் தொட்டியில் என்ன நடக்கிறது என்று அறிய விரும்பினேன். எங்கள் துறைப் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் என்னை வேதியியல் துறைக்கு அழைத்துச் சென்றார். நெஸ்லர் கரைசலை இட்டால் அம்மோனியா உள்ள நீர் மஞ்சளாகவோ பழுப்பாகவோ மாறும். அக்கரைசலில் பாதரசம் உண்டு. ஆகவே ஆசிரியர் உடனிருக்க மட்டுமே கையாளத்தக்கது. நைட்ரைட்டுக்கு வேறொரு சோதனை. அதில் நீர் இளஞ்சிவப்பாகும்.

வாரந்தோறும் தொட்டி நீரைக் குப்பியில் எடுத்துச் சென்றேன். முதல் வாரம் நெஸ்லர் குழாய் தேநீர் நிறத்தில் இருந்தது. இரண்டாம் வாரம் அது வெளிறியது. மற்றக் குழாய் ரோஜா நிறம் கொண்டது. நான்காம் வாரம் தொட்டி நீரிட்ட இரு குழாய்களும், அருகில் ஒப்பீட்டுக்காக வைத்திருந்த வாலைவடிநீர்க் குழாயும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருந்தன. பேராசிரியர் மூன்று குழாய்களையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “போய் மீன் வாங்கு” என்றார். தேர்வில் பெற்ற பத்து மதிப்பெண்ணைவிட அச்சொல் எனக்கு இனித்தது.

இதில் இன்னொரு வியப்பும் உண்டு. நைட்ரஜன் மாற்றம் உயிர்களால் நிகழ்வது என்பதை 1877இல் ஷ்லோசிங், மியூன்ட்ஸ் ஆகியோர் காட்டினர். அம்மோனியாவை மாற்றுவது ஒருவகைப் பாக்டீரியா, நைட்ரைட்டை மாற்றுவது வேறொருவகை என்றே அதன்பின் நெடுங்காலம் கருதப்பட்டது. இரு வேலையையும் தானே செய்யும் பாக்டீரியா உண்டு என்பது 2015ஆம் ஆண்டில்தான் தெரியவந்தது. அவ்வாண்டு வெளிவந்த இரு ஆய்வுகளுள் ஒன்று, மீன் வளர்ப்பு நீரைச் சுத்திகரிக்கும் வடிகட்டியிலிருந்து எடுத்த நுண்ணுயிர்களைக் கொண்டு செய்யப்பட்டது. பெரியவர் எனக்குத் தந்த பஞ்சு போன்ற இடங்களில் இன்னும் அறியப்படாதவை இருக்கக்கூடும் என்பதற்கு இது சான்று.

ஆர்வம் நிலைப்பது எவ்வாறு?

கப்பி மீன்கள் நான்கு வாங்கி விட்டோம். அவை பிழைத்தன. ஏறத்தாழ ஒரு மாதம் சென்றபின் ஒருநாள் காலை, பாசிக்குள் கண்ணும் வாலுமாகப் பதினொரு குஞ்சுகள் தெரிந்தன. கப்பி முட்டையிடாது, குஞ்சுகளையே ஈனும். தாயே அவற்றைத் தின்றுவிடும் என்று அறிந்த என் தங்கை, பள்ளிக்கு நேரமானதையும் மறந்து தேநீர் வடிகட்டியால் ஒவ்வொன்றாக எடுத்து வேறு பாத்திரத்தில் விட்டாள். அன்றுமுதல் தொட்டி என்னுடையதன்று, அவளுடையதாயிற்று.

என் அனுபவத்திலும், மீன் வளர்ப்போர் சிலரிடம் கேட்டறிந்ததிலும், ஆர்வம் படிப்படியாக வளர்வதை உணர்ந்தேன். முதற்படி நிறம், அது கடைவாசலில் நம்மை நிறுத்துகிறது. அதன் ஆயுள் சில வாரங்களே. இரண்டாம் படி நீர். முதல் இழப்புக்குப்பின் ‘ஏன்?’ என்று கேட்பவரே இப்படியில் ஏறுகின்றனர். கேளாதவர் தொட்டியைப் பரணுக்கு அனுப்புகின்றனர். மூன்றாம் படி இனப்பெருக்கம்.

இதற்குச் சண்டை மீனைக் காட்டாகச் சொல்லலாம். ஆண் மீன் நீரின் மேற்பரப்பில் குமிழிகளால் கூடு கட்டுகிறது. வாதுமை இலை ஒன்றை மிதக்கவிட்டால் அதன் அடியில் கட்ட விரும்பும். பெண் இடும் முட்டைகளை ஆண் வாயால் பொறுக்கிக் கூட்டில் சேர்க்கும். இரண்டு நாட்களுக்குள் குஞ்சு பொரியும். கூட்டிலிருந்து நழுவும் குஞ்சைத் தந்தை வாயில் கவ்வி மீண்டும் கூட்டிலேயே விடும். குஞ்சுகள் நீந்தத் தொடங்கியதும் அவற்றுக்கு உணவாவது கண்ணுக்குத் தெரியாத இன்ஃபுசோரியா. முதலாண்டுச் செய்முறை வகுப்பில் வைக்கோல் ஊறவைத்து நாம் நுண்ணோக்கியில் பார்த்தோமே, அதேதான். படம் வரைந்து கையொப்பம் பெற்று மறந்துபோன பேரமீசியத்துக்கு இப்படியொரு பயன் இருப்பதை நான் அப்போதுதான் உணர்ந்தேன்.

நான்காம் படி உற்றுநோக்கல். நெதர்லாந்து அறிஞர் டின்பெர்கன் தம் ஆய்வகத் தொட்டிகளில் முள்முதுகு மீன்களை வளர்த்தார். சன்னலுக்கு வெளியே சிவப்பு நிற அஞ்சல் வண்டி சென்றபோதெல்லாம் ஆண் மீன்கள் அதனை எதிரியாகக் கருதித் தாக்கும் பாவனையில் நின்றன. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் வயிறு சிவக்கும். அச்சிவப்பே சண்டைக்குத் தூண்டுகோல் என்பது அவர் ஆய்வால் விளங்கியது. விலங்கின் நடத்தை பற்றிய ஆய்வுகளுக்காக 1973இல் அவருக்கு மற்ற இருவருடன் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

அமெரிக்காவில் ஸ்ட்ரைசிங்கர் என்னும் அறிஞர் பொழுதுபோக்காக மீன் வளர்த்தவர். மரபியல் ஆய்வுக்கு அவர் தேர்ந்தது நம் நாட்டு நீர்நிலைகளில் வாழும் வரிக்குதிரை மீனை. 1981இல் அவர் வெளியிட்ட ஆய்வுக்குப்பின் அது உலக ஆய்வகங்களில் இடம் பெற்றது. மனித மரபணுக்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு இம்மீனில் இணை உண்டென 2013இல் அறிவிக்கப்பட்டது. இதன் கரு கண்ணாடிபோல் தெளிவானது. முட்டை கருவுற்ற ஒரு நாளில் இதயம் துடிக்கத் தொடங்குவதை நம் கல்லூரியின் எளிய நுண்ணோக்கியிலேயே காணலாம்.

நம் கடமை

ஆர்வத்துடன் பொறுப்பும் வேண்டும். தொட்டியின் பாசியைத் தின்னும் என்று சொல்லி விற்கப்படும் ‘டேங்க் கிளீனர்’ மீன் தென்னமெரிக்காவுக்கு உரியது. கைவிரல் நீளத்தில் வாங்குவது முழங்கை நீளம் வளர்கிறது. இடம் போதாமற்போக, ‘உயிரோடு இருக்கட்டும்’ என்னும் நல்லெண்ணத்தில் ஏரியில் விடுகின்றனர். இன்று தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், மேற்கு வங்கம் ஆகிய மாநிலங்களின் நீர்நிலைகளில் அது பெருகி, மீனவர் வலையைக் கிழித்து, நாட்டு மீன்களுக்கு இடையூறு செய்கிறது. வேண்டாத மீனைக் கடைக்கோ, வளர்க்கும் நண்பருக்கோ கொடுப்பதே முறை.

மற்றொருபுறம், ‘மிஸ் கேரளா’ என்று உலகம் போற்றும் செங்கோட்டு மீன் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளுக்கே உரியது. வணிகத்துக்காக மிகுதியாகப் பிடிக்கப்பட்டதும் அது அருகியதற்கு ஒரு காரணம். வாங்குமுன், இது பண்ணையில் பிறந்ததா, ஓடையில் பிடித்ததா என்று கேட்பது நம் கடமை.

அயல்நாட்டு மீனைத் தேடி அலைவோர் நம் வயல் வாய்க்காலையும் எட்டிப் பார்க்கலாம். சண்டை மீனைப் போலவே குமிழிக் கூடு கட்டும் சிறுமீன் ஒன்று தமிழகத்து ஓடைகளில் வாழ்கிறது. 1831இல் அதற்கு அறிவியற் பெயர் சூட்டியபோது, புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பம் ஆற்றின் பெயரால் ‘குப்பானஸ்’ என்று வழங்கினர். நம் ஊரின் பெயரைத் தாங்கிய அம்மீனை நம்முள் எத்தனை பேர் கண்டிருப்போம்?

முடிவுரை

எங்கள் துறை அருங்காட்சியகத்தின் மூலையில் நான் சேர்ந்த நாள்முதல் ஒரு தொட்டி காலியாகக் கிடந்தது. அதில் உடைந்த சோதனைக் குழாய்களைப் போட்டு வைத்திருந்தோம். இவ்வாண்டு அதனைக் கழுவி, நீர் நிரப்பினோம். என் வீட்டுத் தொட்டியிலிருந்து கறுத்த பஞ்சில் பாதியை வெட்டி எடுத்து வந்து இட்டேன். மீன் இன்னும் விடவில்லை. துறை உதவியாளர் அண்ணன் காலையில் ஒரு சிட்டிகை தீனி போடுகிறார். முதலாண்டு மாணவர்கள் எட்டிப் பார்த்து, “அண்ணா, மீன் எங்கே?” என்று கேட்கின்றனர்.

அவர்களுக்கு நான் நைட்ரஜன் சுழற்சியைச் சொல்வதில்லை. வாரம் ஒருமுறை என்னோடு ஒரு குப்பி நீர் எடுத்துக்கொண்டு வேதியியல் துறைக்கு வரச் சொல்கிறேன். இருவர் வருகின்றனர். நான் கல்லூரியை விட்டுச் சென்றபின் அத்தொட்டியைப் பார்த்துக்கொள்ள அவ்விருவர் போதும்.

என் தங்கை இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறாள். எந்த நாள் நீர் மாற்றியது, எந்த மீன் உண்ணவில்லை, எத்தனை குஞ்சு என்று எழுதுகிறாள். அதன் முதல் பக்கத்தில் கறிவேப்பிலை மரத்தடியில் புதைத்த ஏழு மீன்களின் படம் வரைந்திருக்கிறாள். அதன்கீழே அவள் எழுதியிருப்பது இது: “அண்ணா தண்ணியை ரொம்ப சுத்தம் பண்ணிட்டாங்க.”

அக்குற்றச்சாட்டை நான் ஏற்றுக்கொள்கிறேன். பாடநூலின் அம்புக்குறிகளை நம் வீட்டுத் தொட்டியிலும் தெருக் குளத்திலும் தேடிப் பார்க்க நாம் அனைவரும் முயல்வோமாக.